வயிறு நிறையச் சாப்பிடுபவருக்கும் சத்துக்குறைவு வருவது ஏன்?

இதை ‘மறைபசி’ என்பார்கள். வயிறு நிறைந்திருக்கும், ஆனால் இரும்பு, அயோடின், வைட்டமின் ஏ போன்றவை உடம்புக்குப் போதாது. பைக்கில் பெட்ரோலை நிரப்பிவிட்டு ஆயில் ஊற்ற மறந்த கதைதான். வண்டி ஓடும், உள்ளே தேய்ந்துகொண்டே.

நம் ஊரில் பெரிய சிக்கல் இரும்பு. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க அது வேண்டும். குறைந்தால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. குடற்புழு, அதிக மாதவிடாய்ப் போக்கு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தட்டில் மலையாய்ச் சோறும் ஓரத்தில் ஊறுகாயும் மட்டும் என்றால் இரும்பு எங்கிருந்து வரும்? சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இருக்கிற கொஞ்சமும் சரியாகச் சேராது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் நன்றாகச் சேரும்.

அப்புறம், குண்டாக இருப்பவருக்கு இது வராது என்று பலர் நினைக்கிறார்கள், அவர்களுக்கும் வரும்.