கடலுக்கு எங்கே போவது?

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். வயது 43, ஒரு சங்கத்தில் கணக்கு வேலை. போன மாதம் தோழிகளோடு புதுச்சேரி பக்கம் மூன்று நாள் கடற்கரை யோகா முகாமுக்குப் போயிருந்தேன். விடிகாலை மணலில் ஆசனம், மாலையில் அலையைப் பார்த்தபடி மூச்சுப் பயிற்சி. பல வருஷமாக நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்ளும் நான் அந்த மூன்று நாளும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். ஊர் திரும்பிய நாலாம் நாள் பழையபடி இரண்டு மணி. கடல் காற்றில் நெகட்டிவ் அயனி, அதாவது எதிர்மின்னூட்டம் கொண்ட நுண்துகள் இருக்கிறது, அதுதான் காரணம் என்றார் பயிற்சியாளர். லீவு போட்டுவிட்டு எங்கே படுத்தாலும் தூக்கம் வரும் என்கிறார் என் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி? கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நான் எங்கே போவது? அப்புறம் இன்னொன்று: வந்ததிலிருந்து வலது மணிக்கட்டில் வலி.

ச.

அன்புள்ள ச.,

மணிக்கட்டிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம் அது ஒன்றுதான். காய்ந்த மணலில் கையை ஊன்றினால் உள்ளங்கையின் அடிப்பக்கம் புதைந்துவிடும், விரல்கள் மேட்டில் நிற்கும். தரையில் மடங்குவதைவிடக் கூடுதலாக மடங்கி, அந்தக் கோணத்திலேயே மணிக்கட்டு உடம்பின் பாரத்தை வாங்குகிறது. கையையும் காலையும் ஊன்றி இடுப்பை மேலே தூக்குகிற அதோமுக சுவானாசனத்தில் நாலைந்து முறை நின்றால் போதும், சாயங்காலம் தோசைக்கல்லைத் தூக்க யோசிப்பீர்கள்.

ஒற்றைக் காலில் நிற்கிற விருட்சாசனம் வேறு கதை. ஊன்றிய காலின் குதிகாலடியில் மணல் சரிந்துகொண்டே இருக்கும். கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னத் தசைகளெல்லாம் விழித்துக்கொண்டு வேலை செய்யும். வீட்டு டைல்ஸில் ஒரு நிமிஷம் அசையாமல் நிற்கிற நான், மாமல்லபுரத்தில் ஒருமுறை பத்து எண்ணுவதற்குள் பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். சுளுக்கு வராதவரை கணுக்காலுக்கு நல்ல பயிற்சிதான். அலை நனைத்த மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் அங்கே கடலை நோக்கிய சரிவு. கடலைப் பார்த்தோ, கடலுக்கு முதுகு காட்டியோ நிற்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில், மறுநாள் இடுப்பு சொல்லும். சவாசனத்துக்கு மட்டும் மணலை மிஞ்ச ஆளில்லை. முதுகின் வளைவுக்குத் தக்கபடி அதுவே குழிந்து கொடுக்கும். உங்கள் வலி இன்னும் இருக்கிறது என்றால் எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அயனிக்கு வருவோம். 1892இல் ஃபிலிப் லெனார்ட் என்ற ஜெர்மன் இயற்பியலாளர், அருவி விழுந்து சிதறும் இடத்தில் சுற்றியுள்ள காற்று எதிர்மின்னூட்டம் பெறுவதைப் பற்றி எழுதினார். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்குப்படி பார்த்தால் புதுச்சேரியைவிட நம் ஒகேனக்கல்தான் பெரிய ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும் பரிசல் ஓட்டுகிறவர்களும் நாள் முழுக்க அந்தச் சாரலில்தான் பிழைக்கிறார்கள். மனசு லேசாக இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நீர்வரத்து ஏறி, குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்ட வாரத்தில் கேட்டால் இன்னும் தெளிவாகப் பதில் சொல்வார்கள். அயனியால் மனநிலை மாறுகிறதா என்று செய்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் பாதி சரி. மூன்று நாள் நீங்கள் சமைக்கவில்லை, கணக்குப் பார்க்கவில்லை. விடிகாலை வெளிச்சம் கண்ணில் பட்டது, உடம்பு நன்றாகக் களைத்தது. தூக்கத்துக்கு இவையே பெரிய மருந்து. மீதிப் பாதியில் தண்ணீருக்குப் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. வாரத்துக்கு 120 நிமிஷமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று இயற்கையான இடத்தில் இருப்பவர்கள், நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நாளில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசமில்லை. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்களோ என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது.

தண்ணீர் என்னதான் செய்கிறது? நாள் முழுக்க எண்களைப் பிடித்துவைத்திருக்கிற உங்கள் கவனம் பலவந்தமாகச் செலுத்தப்படுகிற கவனம், அது களைத்துப்போகும். அசைகிற நீர் கண்ணை இழுக்கிறது, ஆனால் எதையும் கேட்பதில்லை. அப்போது அந்தக் களைத்த கவனம் ஓய்வெடுக்கிறது என்பது ரேச்சல், ஸ்டீபன் கப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதியின் கருத்து. இதற்குக் கடல்தான் வேண்டும் என்பதில்லை.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம். காலையில் ஏரிக்கரையில் நான் உட்காரும் இடம் மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல். எதிரே பட்டுப்போன கருவேல மரம் தண்ணீரில் நிற்கிறது, அதன்மேல் ஒரு நீர்க்காகம். முங்கி எழுந்து வந்து இரண்டு இறக்கையையும் விரித்து, கொடியில் போட்ட கறுப்புத் துணிபோல் அப்படியே நிற்கும். அது இறக்கையை மடக்குவதற்குள் என் மூச்சு தானாக நீண்டுவிடும். எத்தனை மூச்சு என்று எண்ணிப் பார்த்த நாளில் மட்டும் அது நடக்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே கரையில் என் அம்மா முப்பது வருஷம் நடந்தாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம், ஏரிக்குக் கீழே இருந்த கிணற்றுக்கு. நீர்க்காகத்தை அவள் பார்த்ததே இல்லை. அப்புறம் ஊருக்குள் அடிபம்பு வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது. கண்ணாடிபோலத் தண்ணீர். அதில்தான் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் அது தாண்டித்தான் இருந்தது. பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு முதுகும் முட்டியும் இறுகிப்போகும். அம்மா கடைசிவரை சம்மணம் போட்டு உட்கார முடியாமல் இருந்தாள். தண்ணீருக்குப் பக்கத்தில் பத்மாசனம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த முட்டிகள்தான் ஞாபகம் வரும். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. எங்கள் தெருவுக்குக் காவிரி வந்த பிறகு ஒருநாள் அம்மாவைக் கரைக்குக் கூட்டிப்போனேன். வெறுங்கையோடு வந்தவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். “இங்க என்னடா பாக்கறது?” என்றாள். பத்து நிமிஷம் கழித்து, கிளம்பலாமா என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

சரி, நீங்கள் எங்கே போவது? ஊர்ப்பக்கமே தென்பெண்ணை ஓடுகிறது, சற்று மேலே காமராஜர் காலத்தில் கட்டிய கிருஷ்ணகிரி அணை. மூக்கு சொல்வதைக் கேளுங்கள். இதே ஆற்றில் மேலே இருக்கிற ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கிய செய்தி வருகிற நாட்களில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மூச்சை ஆழமாக இழுக்க வேண்டாம், ஏதாவது ஏரிக்கரையைப் பாருங்கள். மண் கெட்டியான கரை, மணிக்கட்டுக்கும் நல்லது. கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று ஒருதரம் காலால் துழாவிவிட்டுப் பாயை விரியுங்கள். ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிற நாளில் அந்தப் பக்கமே வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரை ஏரி நிரம்பி, ரோட்டில் நின்ற வண்டிகளைப் பொம்மைபோல உருட்டிக்கொண்டு போனதை நீங்களும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.

தினம் 20 நிமிஷம், வாரத்தில் ஆறு நாள். வெயில் ஏறுவதற்குள், செல்போன் வீட்டில். கஷ்டமான ஆசனமெல்லாம் வேண்டாம், உட்கார்ந்தாலே போதும். ஒரு மாதம் பார்த்தும் இரண்டு மணி விழிப்பு போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். இந்த வயதில் அதற்கு உடம்புக் காரணமும் இருக்கலாம், தண்ணீரை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் வீட்டுக்காரரையும் அணைப்பக்கம் கூட்டிப்போங்கள். மூச்சுப் பயிற்சியை மட்டும் சீக்கிரம் முடித்துவிடுங்கள். மீன் வறுவல் கடைக்காரர் எண்ணெயைக் காயவைத்துவிட்டால் அப்புறம் நடக்காது.

அன்புடன்