முட்டி மாத்துன அப்புறம் எத்தன நாள்ல பழையபடி நடக்கலாம்?

அம்மாவுக்கு 64 வயசு, கோபி பக்கம் தோட்டம், முட்டி தேஞ்சு போச்சு, மாத்துனா எப்போ கட்டுத்தரைக்குப் போவாங்கன்னு கேட்டிருக்கீங்க. எங்க அம்மிச்சிக்குச் செஞ்சப்ப கூடவே இருந்தவனுங்க நானு. ஆபரேஷன் அன்னிக்கோ மறுநாளோ வாக்கர் புடிச்சு நடக்க வெச்சுருவாங்க, பயப்படாதீங்க, தேஞ்ச எலும்பு முனைய சீவிட்டு உலோக மூடி மாட்டி நடுவால கெட்டி பிளாஸ்டிக் வெச்சிருக்கறதால பெரும்பாலும் அப்பவே பாரத்தைத் தாங்கும். கஷ்டமெல்லாம் மடக்குறதுலதானுங்க. முதல் சில வாரத்துல 90 டிகிரிக்கு மடங்கலைன்னா அப்புறம் உள்ள இறுகிக்கும், அம்மிச்சி பிசியோ பையனக் கண்டாலே 'அட போ சாமி'ன்னு திரும்பிப் படுத்துக்குவாங்க. இதமா இருக்குன்னு முட்டிக்கு அடியில தலகாணி வெக்காதீங்க, கால் நேரா நீட்டவே வராது, குதிகாலுக்கு அடியில வைங்க. கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சா ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அன்னிக்கே டாக்டரப் பாருங்க. தையல் பிரிக்க ரெண்டு வாரம், குச்சியில்லாம நடக்க ஒண்ணரை மாசம் பக்கம், வீக்கம் முழுசா அடங்க மாசக்கணக்காகும். நேரமே எந்திரிச்சுப் பால் கறக்கலாம், ஆனா குத்த வெச்சு உக்கார்றது மட்டும் வேண்டாமுங்க, உசரமா ஒரு ஸ்டூல் வாங்கிக் குடுத்துருங்க.