நரம்பு கேள்வி-பதில்: முட்டியில் தட்டினால் கழுத்து தெரியுமா?

அப்பாவுக்கு வயது 66. மூன்று மாதமாகக் கால் இரண்டும் கட்டை மாதிரி இருக்கிறது, நடந்தால் தடுக்குகிறது என்கிறார். சட்டைப் பித்தான் போடவும் சிரமப்படுகிறார். டாக்டர் முட்டியிலும் முழங்கையிலும் சின்னச் சுத்தியலால் தட்டினார், உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார், கடைசியில் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்துவிட்டார். கோளாறு காலில் இருக்க, ஸ்கேன் கழுத்துக்கா?
*வாசகி, பிறை*

ஆமாம் அம்மா, கழுத்துக்குத்தான். அந்த டாக்டர் சரியாகத் தேடியிருக்கிறார்.

முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணைத் தட்டினால் தொடைத் தசை சட்டென்று இழுபடும். அந்தச் சேதி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போகும், அங்கிருந்தே 'சுருங்கு' என்ற கட்டளை திரும்பி வரும், கால் முன்னால் எகிறும். இந்தச் சுற்றில் மூளைக்கு வேலை கிடையாது. ஆனால் மூளையிலிருந்து இறங்கும் நரம்புகள் இந்தத் துள்ளலை எப்போதும் கொஞ்சம் அடக்கியே வைத்திருக்கும். கடிவாளம் மாதிரி.

நரம்பு சுற்றிலேயே அறுந்தால், அதாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பின் வேரை நசுக்கினால், கால் தொய்ந்து போகும். தட்டினாலும் துள்ளாது, நாளடைவில் தசை சூம்பும். சுற்றுக்கு மேலே, கழுத்திலோ முதுகிலோ தண்டுவடம் நசுங்கினால் கடிவாளம் தளர்ந்துவிடும். அப்போது கால் விறைக்கும், தட்டினால் அளவுக்கு மீறி எகிறும். உங்கள் அப்பா சொல்லும் 'கட்டை மாதிரி' என்பது இந்த விறைப்பாக இருக்கலாம்.

உள்ளங்காலைக் கீறியதும் இதற்காகத்தான். குதிகாலின் வெளிப்புறத்தில் தொடங்கி, பாதத்தின் வெளி ஓரமாக வந்து, பெருவிரல் பக்கம் வளைத்துக் கீறுவார்கள். நல்ல நிலையில் பெருவிரல் கீழே மடங்கும். மேல்நோக்கி எழுந்தால் மூளையிலிருந்து இறங்கும் பாதையில் பழுது என்று பொருள். 1896-ல் பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி எழுதி வைத்த அடையாளம் இது. நடக்கத் தொடங்காத குழந்தைக்கு விரல் மேலே எழுவது இயல்பு. அதற்குப் பயப்பட வேண்டாம்.

சரி, மேலே என்றால் எங்கே? பித்தான் போட முடியவில்லை என்பதே பாதி விடை. கையும் கெட்டிருக்கிறதென்றால் பழுது கைக்குப் போகும் நரம்புகளின் மட்டத்திலோ அதற்கும் மேலேயோ இருக்க வேண்டும். முழங்கையின் முன்பக்கம் தட்டினால் வரும் துடிப்பு கழுத்தின் 5, 6-ஆம் நரம்புகளைச் சேர்ந்தது, பின்பக்கத் துடிப்பு 7-ஆம் நரம்பைச் சேர்ந்தது. முன்பக்கம் மங்கி, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் எகிறினால் இடம் அங்கேயே அகப்பட்டுவிடும்.

இடுப்பை மட்டும் ஸ்கேன் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரியவர்களில் தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வேர்கள் மட்டும்தான். 66 வயதில் இடுப்பு வட்டு தேயாதவர் அரிது. படத்தில் அந்தத் தேய்மானம் தெரியும், 'இதுதான் காரணம்' என்று மாதக்கணக்கில் அதற்கே மருத்துவம் நடக்கும், கழுத்தில் தண்டுவடம் நசுங்கிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் நல்ல கருவிதான். ஆனால் எங்கே பார்ப்பது என்று டாக்டரின் கைதான் முதலில் சொல்ல வேண்டும்.

படம் வரும்வரை கழுத்தைச் சொடுக்கி எடுக்கும் மசாஜுக்கு அழைத்துப் போகாதீர்கள். சிறுநீர் அடைபட்டாலோ, பலவீனம் வேகமாகக் கூடினாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

12 வருடமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). கிளினிக்கில் தாதி நைலான் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தைக் குத்தினார், பல இடங்களில் எனக்குத் தெரியவே இல்லை. வலி இல்லை என்றால் நல்லதுதானே? தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் வரை வெறுங்காலில் நடப்பதாக வேண்டுதல் இருக்கிறது.
*வாசகர், பட்டர்வொர்த்*

நல்லதில்லை ஐயா. வலிதான் பாதத்தின் காவல்காரன், அவன் போய்விட்டான்.

உடலில் மிக நீளமான நரம்பு இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை போவது. சர்க்கரை நரம்பை அரிக்கும்போது நீளமானதுதான் முதலில் கெடும். அதனால் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மேலேறும். முழங்கால் அளவுக்கு வரும்போது கைவிரல் நுனியும் மரக்கத் தொடங்கும். ஒரு காலில் மட்டும் மரத்துப்போனால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அந்த நைலான் இழை 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்டது. கண்ணை மூடச் சொல்லி, செங்குத்தாக வைத்து, வில்லாக வளையும்வரை அழுத்தி, ஒன்றிரண்டு விநாடியில் எடுப்பார்கள். காய்ப்பு உள்ள இடத்தில் வைத்தால் யாருக்குமே தெரியாது, அதனால் அதைத் தவிர்த்து வைக்க வேண்டும். கூடவே 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பின் மேல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பதுண்டு.

நீண்ட நாள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். சைவமாக இருந்தால் இன்னும் அதிகம். அதுவும் நரம்பைக் கெடுக்கும், ஆனால் திருத்தக்கூடிய குறை. ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.

வேண்டுதல் பற்றி ஒளிவு இல்லாமல் சொல்கிறோம்: வெறுங்காலில் நடக்காதீர்கள். வெயிலில் காய்ந்த தார் உங்கள் பாதத்தைச் சுட்டால் உங்களுக்குத் தெரியாது. நம் ஊரில் ரதத்துக்காகத் தேங்காய் உடைத்த சாலையில் ஓட்டுச் சில்லு ஏறினாலும் தெரியாது. அப்படி ஆறாத புண்ணிலிருந்துதான் பல கால்கள் வெட்டும் நிலைக்குப் போகின்றன. பாதத்தை மூடும் செருப்போடு நடந்து, கோயில் வாசலில் கழற்றி, 500-க்கும் மேற்பட்ட அந்தப் படிகளைக் காலை வெயில் ஏறுமுன் கனமான காலுறையோடு ஏறுங்கள். இறங்கியதும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வீட்டிலும் தினமும் பாருங்கள். வெந்நீரின் சூட்டை முழங்கையால் சோதியுங்கள், காலால் வேண்டாம். காய்ப்பை பிளேடால் சீவவே கூடாது.

காலையில் எழுந்தபோது தங்கையின் வாய் ஒருபக்கம் கோணியிருந்தது, அந்தப் பக்கக் கண்ணும் மூடவில்லை. ஸ்ட்ரோக்கா?
*வாசகர், நிபோங் திபால்*

நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கத்திலிருந்தும் இணைப்பு உண்டு. அதனால் ஸ்ட்ரோக்கில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். நெற்றியும் சேர்ந்து அசையாவிட்டால், மூளையிலிருந்து வந்து காதருகே வெளிவரும் முக நரம்பே (கழுத்தின் 7-ஆம் நரம்பு அல்ல, மூளை நரம்புகளில் 7-ஆவது) வீங்கியிருக்கலாம். அதற்கு ஸ்டெராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது பலன் தரும். இனிப்பு நீர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சர்க்கரை ஏறும். மூடாத கண்ணுக்குப் பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு டேப் ஒட்ட வேண்டும். காதில் கொப்புளம் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதற்கு மருந்து வேறு.

ஆனால் இதை வீட்டில் முடிவுகட்ட வேண்டாம். கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நெற்றி எப்படி இருந்தாலும் 999-ஐ அழையுங்கள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். விரல் நுனியைக் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லி போனில் சுற்றும் செய்தியால் ஒரு பலனும் இல்லை, அந்த நேரம்தான் வீண்.

மாமாவுக்கு மூளையின் வலப்பக்கம் ரத்தக் கசிவு. இடது கை ஏன் விழுந்தது?
*வாசகி, ஆயர் ஈத்தாம்*

கட்டளை கொண்டுபோகும் நரம்புகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடியில், கழுத்து தொடங்கும் முன்பே பக்கம் மாறிவிடுகின்றன. சிறுமூளை மட்டும் விலக்கு: வலது சிறுமூளை கெட்டால் வலது கைதான் தடுமாறும்.

தாதியர் பயிற்சியில் இருக்கிறேன். நோயாளியின் முட்டியில் சுத்தியலால் தட்டினால் துடிப்பு வருகிறது, கணுக்காலில் நான் தட்டினால் மட்டும் வருவதே இல்லை.
*மாணவி, ஜார்ஜ்டவுன்*

அநேகமாக நோயாளியின் பாதம் சரியான நிலையில் இல்லை, தங்கை. படுக்கவைத்து, முழங்காலை மடக்கி வெளிப்பக்கம் சாய்த்து, ஒரு கையால் முன்பாதத்தை மெல்ல மேலே தள்ளிப் பிடியுங்கள். தசைநாண் கொஞ்சம் இழுபட்டிருந்தால்தான் துள்ளும். அதிகம் தள்ளினால் இறுகிவிடும். சுத்தியலை அடிக்காம்பில் பிடித்து, மணிக்கட்டைத் தளர்த்தி, அதன் எடையே விழும்படி விடுங்கள். குத்தாதீர்கள். குதி எலும்பில் பட்டால் ஒன்றும் வராது, அதற்கு மேலே உள்ள நாணில் பட வேண்டும். பாதத்தை மட்டும் பார்க்காமல் கெண்டைக்காலையும் பாருங்கள்.

அப்படியும் வராவிட்டால், இரு கை விரல்களையும் கொக்கி போல் மாட்டி 'இழுங்கள்' என்று சொல்லி, இழுக்கும் அதே நொடியில் தட்டுங்கள். அதன் பலன் சில நொடிகள்தான் நிற்கும். கையில் துடிப்பு பார்ப்பதானால் பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் செய்யாமல் '0', அதாவது துடிப்பே இல்லை, என்று எழுதக் கூடாது. வயதானவர்களில் இரண்டு கணுக்காலிலும் துடிப்பு இல்லாமல் இருப்பதுண்டு. ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.