பத்தாவதோடு நிற்கப் பார்க்கும் பிள்ளைகள்: மதுரை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

செல்லூர் அம்மா: மகன் பத்தாவதில் கணக்கில் மட்டும் பெயில். பரோட்டாக் கடை வேலைக்குப் போறேங்கிறான். என்ன செய்யட்டும்?

அனுப்பாதீங்கம்மா. ஒன்றிரண்டு மாதத்தில் துணைத்தேர்வு வந்துவிடும். படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். பாஸானால் இந்த வருஷமே பிளஸ் ஒன். 35 மார்க்குக்கு முழுப் புத்தகமும் வேண்டாம். கிராஃப் கேள்விக்கு 8, தொடுகோடு அல்லது முக்கோணம் வரைவதற்கு 8. இந்த இரண்டையும் தினம் ஒன்றாவது போட்டுப் பழகட்டும். அதுவரை அவனைத் திட்ட வேண்டாம். சம்பளக் காசு கையில் புழங்க ஆரம்பித்துவிட்டால் பிள்ளையைத் திருப்புவது பெரும்பாடு.

மேலூர் தம்பி: எட்டாவதோட நின்னுட்டேன், வயசு 19. ஐடிஐ கிடைக்குமா?

கிடைக்கும் தம்பி. வெல்டர், ஒயர்மேனுக்கு எட்டாவது போதும். கோ.புதூர் அரசு ஐடிஐயில் போய் விசாரி. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய், பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. என்னைக் கேட்டால் ஒயர்மேன் எடு. அது இரண்டு வருஷப் படிப்பு. முடித்து, பத்தாவது தமிழும் ஆங்கிலமும் மட்டும் எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணையான சான்று வாங்கலாம்.

உசிலம்பட்டி ஆசிரியர்: புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் வந்தும் பையன்கள் ஏன் சார் நிற்கிறார்கள்?

2022-இல் பெண்களுக்கும் 2024-இல் பையன்களுக்கும் வந்த மாதம் 1000 ரூபாய் நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் அது பள்ளியைத் தாண்டியவர்களுக்கு. நம் பிள்ளைகள் அறுந்துபோவது ஒன்பதாவதிலும் பத்தாவதிலும். 2022-இல் நம் மதுரையில் தொடங்கிய காலை உணவு ஐந்தாவது வரை. மதிய உணவு பத்தாவது வரை. பிளஸ் ஒன் வந்தவனுக்குத் தட்டும் இல்லை, மாதப் பணமும் இல்லை. அந்த வயதில்தான் கட்டட வேலைக்கு மேஸ்திரி கூப்பிடுகிறார். வருகைப்பதிவைப் பார்த்து ஒன்பதாவதிலிருந்தே மாதப் பணம் கொடுக்க வேண்டும், மதிய உணவைப் பிளஸ் டூ வரை நீட்ட வேண்டும் என்று தொடர்ந்து கேட்போம். அதுவரை, ஒரு பையன் மூன்று நாள் வரவில்லையென்றால் நான்காம் நாள் அவன் வீட்டு வாசலில் நில்லுங்கள் சார். பத்தாம் நாள் போனால் அவன் திருப்பூர் பஸ் ஏறியிருப்பான்.

வில்லாபுரம் மாணவி: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தேன். பொறியியலுக்கு வீட்டில் வசதியில்லை.

ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிம்மா. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசின் பொறுப்பு.

சக்கிமங்கலம் வாசகர்: பக்கத்துப் பட்டறையில் 13 வயசுப் பையன் வேலை பார்க்கிறான்.

இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள். உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். டி.சி. இல்லை என்று எந்தப் பள்ளியும் அவனைத் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தே ஆக வேண்டும்.