புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.வுக்குக் கல்லீரலில் என்ன வேலை?

மரபணுவில் உள்ள செய்தியைப் படியெடுத்து, புரதம் தயாராகும் இடத்துக்குக் கொண்டுபோவது தூது ஆர்.என்.ஏ. அப்படிப் புரதமாக மாறாமல், ஆர்.என்.ஏ.வாகவே இருந்து வேலை பார்ப்பவைதான் குறியிடாத ஆர்.என்.ஏ.க்கள். இவற்றில் பல, பட்டறைக்கு வரும் ஆர்டர் சீட்டுகளில் எதை அனுமதிப்பது, எதைக் கிழித்துப் போடுவது என்று பார்க்கும் மேற்பார்வையாளர் மாதிரி. அவர் எந்தப் பொருளையும் செய்வதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் உற்பத்தி தாறுமாறாகிவிடும்.

இவற்றில் மிகச் சிறிய வகைகளில் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள், நீளம் சுமார் 22 எழுத்துகள்தான் (எழுத்து என்பது ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஒரு கண்ணி). கல்லீரலில் கொடிகட்டிப் பறப்பது மிர்-122. அங்குள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இது ஒன்றே. கொழுப்பு, கொலஸ்டிரால் தொடர்பான பல மரபணுக்கள் இதன் பிடியில் இருக்கின்றன. மிர்-122 நீக்கப்பட்ட எலிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்தது, தழும்பு விழுந்தது, பிற்பாடு புற்றுக்கட்டியும் வந்தது.

ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். தன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வின் முனையில் இதே மிர்-122ஐ ஒட்டவைத்துக்கொண்டு, செல்லின் நொதிகள் அதை அரித்துவிடாமல் காத்துக்கொள்கிறது. பெருகுவதற்கு இந்த வைரஸ் மிர்-122ஐ நம்பியிருப்பது 2005இல் தெரியவந்தது.

கல்லீரல் செல்கள் சிதைந்தால் மிர்-122 ரத்தத்தில் கசியும் என்பதால், பாதிப்பைக் கண்டறியவும் அதை ஆராய்கிறார்கள்.

புரதம் செய்யாத ஆர்.என்.ஏ. எல்லாம் வெறும் குப்பை என்று பலர் நினைப்பது தவறு. அதற்காக ஒவ்வொன்றுக்கும் முக்கியமான வேலை இருப்பதாகவும் நிரூபணமாகவில்லை.