விளக்கு அணைந்த பிறகும் வெளிச்சம் இருக்குமா?

ஏற்காட்டில் நட்சத்திரம் பார்க்கக் கூடினோம். ஏழு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. தொலைநோக்கியை உறையில் போட்டுவிட்டு, சுக்குக் காபியோடு கேள்விகளுக்கு உட்கார்ந்தேன். முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

பிளஸ் டூ மாணவி, அம்மாபேட்டை: சார், மின்சாரம், காந்தம் இரண்டின் விதிகளையும் சொல்லும் மாக்ஸ்வெல் சமன்பாடுகளில் மின்னூட்டம், மின்னோட்டம் இரண்டையும் பூஜ்யமாக வைத்தாலும் அலை வருகிறதே. மூலமே இல்லாமல் மின்காந்த அலை இருக்கலாமா?

நல்ல இடத்தில் பிடித்தாய் அம்மா. மாறும் மின்புலம் காந்தப்புலத்தை உண்டாக்கும், மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும். ஒன்றை ஒன்று தூக்கிவிட்டபடி வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். வழியில் மின்னூட்டம் தேவையில்லை. ஆனால் நீ பூஜ்யம் போட்டது அலை போகிற இடத்துக்குத்தான். அது எங்கே பிறந்தது என்று சமன்பாட்டைக் கேட்கவே இல்லை. எல்லாத் திசையிலும் எல்லையில்லாமல் பரந்த, ஆதியும் அந்தமும் இல்லாத சமதள அலை ஒன்று புத்தகத்தில் வருமே, அதற்கு முடிவில்லாத ஆற்றல் வேண்டும். பரீட்சைக்கு எழுதலாம், நிஜத்தில் கிடையாது. ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் 1887-இல் செய்ததைப் பார்: ஒரு பக்கம் தீப்பொறி பாய்ந்தது, தள்ளி வைத்த கம்பி வளையத்தின் இடைவெளியில், எந்த இணைப்பும் இல்லாமலே, குட்டிப் பொறி தெரிந்தது. அலை பிறக்க அந்த முதல் பொறி வேண்டும். பிறந்தபின் வேண்டாம்.

லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து வந்தவர்: கீழே சேலத்தில் கரண்ட் போனால்?

நேர்கோட்டில் 15 கிலோமீட்டர் என்று வைத்தால், விளக்கு செத்தபின்னும் 50 மைக்ரோ வினாடிக்கு வெளிச்சம் வழியில் இருக்கும். கண்ணுக்குப் பிடிபடாது. 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகம் என்கிற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் ஒரு விண்மீன் வெடித்ததைப் பார்த்தோம். அதற்கு முந்தைய படங்களில் அது சாதுவாகத்தான் பதிவாகியிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒளி வந்துசேர வேண்டுமே, படம் எடுத்தபோதே அது வெடித்து 1,60,000 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை: உலையிலிருந்து எடுத்த உருப்படியில் சிவப்பு போனதும் கதிர்வீச்சு நின்றுவிடுமா?

நிற்காதுங்க. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகத் தொடரும். கிட்டே கை கொண்டுபோனால் தெரியும். ஆறிய கொலுசு, இந்த டம்ளர், நீங்கள், நான் எல்லாருமே வீசிக்கொண்டிருக்கிறோம். மெருகேற்றிய வெள்ளி மட்டும் இதில் மகா கஞ்சன்.

காபித் தோட்டத்துக்காரர், நாகலூர்: அப்போ இதுதான் மூலம் என்று சுட்டிக்காட்ட முடியாத ஒளி ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது. 1965-இல் பென்சியாஸும் வில்சனும் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தது. ஏரியலைத் திருப்பிய திசையெல்லாம் ஒரே இரைச்சல். புறா எச்சம்தான் காரணமோ என்று கழுவிக்கூடப் பார்த்தார்கள், போகவில்லை. அண்டத்துக்கு 3,80,000 வயது இருந்தபோது எங்கும் நிறைந்திருந்த சூடான வாயுவிலிருந்து கிளம்பிய ஒளி அது, இப்போது 2.7 கெல்வின் (சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்) அளவுக்கு ஆறிப்போய் நுண்ணலையாக வருகிறது. அந்த வாயு அப்புறம் விண்மீனாகி, மண்ணாகி, உங்கள் காபிச் செடியுமாகிவிட்டது. மூலம் உண்டு, எங்கே என்று கேட்டால்தான் விரல் நீட்ட இடமில்லை.

அவரே: இந்தப் பனியிலுமா வருகிறது?

வருகிறது. மூடுபனி நம் கண்ணைத்தான் மறைக்கும், நுண்ணலையில் பெரும்பகுதி தாண்டி வந்துவிடும். பிடிக்கிற ஏரியல் நம்மிடம் இல்லை, அவ்வளவுதான்.