வானிலை வாசிக்க அறிவியல் பட்டம் வேண்டுமா?

விஸ்காம் முடித்த நீங்கள், செய்தி சேனலின் வானிலைப் பகுதிக்கு ஆடிஷன் போகிறேன், இயற்பியல் படிக்காதது தடையா என்று கேட்டிருக்கிறீர்கள். தடையில்லை, தைரியமாகப் போங்கள். முன்கணிப்பை பெரும்பாலும் சென்னை வானிலை ஆய்வு மையம்தான் தருகிறது. ஆனால் சொல்வது உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை, 'மிக கனமழை' அதற்கு மேல் 204.4 வரை. இதை மாற்றிச் சொன்னால் ஊரே வீணாகப் பதறும், இல்லையென்றால் அசட்டையாக இருந்துவிடும். சென்னை வானிலை ஆய்வு மையத்தில் முன்பு இயக்குநராக இருந்த ரமணன் சாரின் பழைய பேட்டிகளைப் பாருங்கள், எவ்வளவு நிதானம்!

அப்புறம், உங்களுக்குப் பின்னால் இருக்கும் பச்சைத் திரையில் வரைபடம் எதுவும் தெரியாது; அதைக் கணினிதான் ஒளிபரப்பில் சேர்க்கும். பக்கத்து மானிட்டரைப் பார்த்துத்தான் நாகப்பட்டினத்தைக் காட்ட வேண்டும். வெறும் சுவர் முன் நின்று, செல்போனில் பதிவு செய்து இப்போதே பழகுங்கள்.